சீட்டுக் கேட்காதே, கணக்கைக் கேள்!

தேர்தல் தேதி அறிவித்து விட்டால் போதும். வேட்பாளர்களின் காரில் வெள்ளைத் தொப்பி ஒரு டஜன் ஏறி விடும். ரமளான் மாதமாக அமைந்து விட்டால் இன்னும் வசதி. நோன்புக் கஞ்சிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ. "பாய், நீங்க எல்லாம் நம்ம பக்கம் தானே?" என்று கடைக்குக் கடை ஒரு கும்பிடு. மறுபக்கம் நம் தலைவர்கள் பெரிய கட்சி அலுவலகத்தின் வரவேற்பறையில் காத்திருப்பார்கள். ஒன்றா, இரண்டா, அவர்கள் சின்னத்திலா, நம் சின்னத்திலா என்று நள்ளிரவு வரை பேச்சு. கடைசியில் கொடுத்ததை வாங்கிக் கொண்டு, "சமுதாயத்தின் கண்ணியம் காக்கப்பட்டது" என்று ஓர் அறிக்கை.

பார்த்துப் பார்த்துச் சலித்து விட்டது சகோதரர்களே!

இந்தப் பேரத்தால் கண்ட பலன் என்ன? 1980ல் மக்களவைக்கு 49 முஸ்லிம்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதற்கு முன்னும் அத்தனை பேர் போனதில்லை, பின்னும் போனதில்லை. 2014 பொதுத் தேர்தலில் அது 22 ஆகச் சுருங்கியது. 2024ல் 24. மொத்தம் 543 பேர் கொண்ட அவையில் இது நாலரை சதவீதம் கூட இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள் தொகையில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம். உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முஸ்லிம். அங்கே உள்ள 80 தொகுதிகளில் 2014 பொதுத் தேர்தலில் ஒரே ஒரு முஸ்லிம் கூட ஜெயிக்கவில்லை. ஒருவர் கூட!

"நம்மிடம் ஒற்றுமை இல்லை, அதனால்தான்" என்று மேடை தோறும் சொல்கிறார்கள். எதிரே இருப்பவர்களும் தலையை ஆட்டுகிறார்கள். பாதி உண்மை தான். மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை. ஓட்டுகளை எண்ணி இடங்களாக மாற்றும் முறை இருக்கிறதே, கோளாறு அங்கே இருக்கிறது. அந்தக் கணக்கில் தோற்கிறவர்கள் நாம் மட்டுமல்ல.

எந்த வியாபாரி ஒப்புக் கொள்வார்?

ஐந்து பேர் சேர்ந்து கூட்டாக ஒரு கடை போடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் 34 ஆயிரம் போடுகிறார். இன்னொருவர் 30 ஆயிரம். மற்ற மூவரும் 20, 10, 6 என்று போட்டு லட்ச ரூபாய் முதல் சேருகிறது. வருடக் கடைசியில் கணக்குப் பார்க்கிறார்கள். 34 ஆயிரம் போட்டவர் எழுந்து, "என் முதல் தான் அதிகம், ஆகவே லாபம் முழுவதும் எனக்கே. நீங்கள் நால்வரும் அடுத்த ஐந்து வருடம் கழித்து வாருங்கள்" என்கிறார். இப்படி ஒரு பங்காளியை உங்கள் பஜாரில் யாராவது சேர்த்துக் கொள்வார்களா? மறுநாளே கடையில் இரண்டு பூட்டுத் தொங்காதா?

ஒவ்வொரு தொகுதியிலும் நடப்பது இதுதான். அதிக ஓட்டு வாங்கியவர் ஒருவர் ஜெயித்தார். மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டெல்லாம் குப்பைக் கூடைக்கு. வெள்ளைக்காரன் தன் நாட்டிலிருந்து கொண்டு வந்து வைத்து விட்டுப் போன முறை இது.

2014ல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. வாங்கியது சுமார் 44 சதவீத ஓட்டு. கிடைத்தது 39ல் 37 இடங்கள். தி.மு.க.வுக்குக் கிட்டத்தட்ட 24 சதவீத ஓட்டு. கிடைத்த இடம் பூஜ்யம். கணக்குப்படிப் பங்கு பிரித்திருந்தால் ஒன்பது இடம் வந்திருக்க வேண்டும். அதே தேர்தலில் ஐந்தரை சதவீதம் வாங்கிய பா.ஜ.க. கன்னியாகுமரியில் ஜெயித்து உள்ளே போனது. 24 சதவீதம் வெளியே, ஐந்தரை சதவீதம் உள்ளே! இதற்கு முன் 1991 சட்டமன்றத் தேர்தலிலும் 22 சதவீத ஓட்டு வாங்கிய தி.மு.க.வுக்கு 234ல் இரண்டே இடம். சக்கரம் சுழன்று 1996ல் அ.தி.மு.க.வுக்கு 21 சதவீத ஓட்டு, நான்கே இடம். இரண்டு கழகங்களும் இந்தச் சாட்டையால் அடி வாங்கியவை தான். ஆனாலும் சாட்டையைத் தூக்கிப் போட இருவருக்கும் மனம் வரவில்லை. அடுத்த முறை அது தங்கள் கைக்கு வரும் அல்லவா!

2014ல் உத்தரப் பிரதேசத்தில் பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஏறத்தாழ 20 சதவீத ஓட்டு. இடம் பூஜ்யம். இன்று நம்மைப் பார்த்துச் சிரிப்பவர்களும் ஒரு காலத்தில் இதே வரிசையில் நின்றார்கள். 1984ல் பா.ஜ.க.வுக்கு ஏழரை சதவீதத்துக்கு மேல் ஓட்டு. கிடைத்தது இரண்டே இடம். அதே தேர்தலில் நாலு சதவீதத்தைச் சற்றே தாண்டிய தெலுங்கு தேசத்துக்கு 30 இடம். காரணம், தெலுங்கு தேசத்தின் ஓட்டு ஒரே மாநிலத்தில் குவிந்திருந்தது, பா.ஜ.க.வின் ஓட்டு நாடெங்கும் சிதறியிருந்தது.

இந்தச் 'சிதறல்' என்ற சொல்லைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். நம் கதை முழுவதும் அதில் இருக்கிறது. கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் திருநெல்வேலி பேட்டையில் பிறந்தவர். தமிழ்நாட்டு அரசியலில் அவரை அறியாதவர் கிடையாது. ஆனால் 1962, 1967, 1971 ஆகிய மூன்று முறையும் மக்களவைக்குப் போட்டியிட அவர் கேரளத்து மஞ்சேரிக்குத் தான் போக வேண்டியிருந்தது. மலப்புரம் பகுதியில் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்கின்படி நாம் 5.86 சதவீதம், கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வாணியம்பாடியிலும் கொத்துக் கொத்தாக, மற்ற ஊர்களில் கடைத் தெருவுக்கு நாலு குடும்பமாக இருக்கிறோம். வியாபாரம் செய்கிற சமுதாயம் சிதறித் தான் வாழும். எல்லோரும் ஒரே ஊரில் கடை வைத்தால் வாங்குவது யார்? ஊருக்கு ஊர் போய்ப் பிழைத்ததற்கு நாம் கட்டும் அபராதம் தான் இந்தத் தேர்தல் முறை. அதே பெருந்தகை 1952ல் மாநிலங்களவைக்கு சென்னை மாகாணத்திலிருந்தே போனார். அங்கே எண்ணும் முறை வேறு. அது என்ன முறை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு சாவி போட்ட பூட்டு

"இடம் குறைந்தால் குறைந்து விட்டுப் போகிறது. அரசியல் சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அரசியல் சட்டத்தின் 25 முதல் 30 வரையிலான பிரிவுகளை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நல்லது. ஆனால் அந்தப் பிரிவுகளைப் பூட்டி வைத்திருக்கும் பூட்டு எது என்று பார்த்தீர்களா? 368வது பிரிவு. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு என்ற இரண்டு சாவிகள் சேர்ந்தால் தான் அரசியல் சட்டத்தைத் திருத்த முடியும். நாட்டில் மிகப் பரந்த சம்மதம் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது நோக்கம்.

ஆனால் ஓட்டு எண்ணும் முறை இந்த நோக்கத்தையே கவிழ்த்து விடுகிறது. 1971ல் இந்திரா காங்கிரஸ் வாங்கியது 43.7 சதவீத ஓட்டு. கிடைத்தது 518ல் 352 இடம். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்! அந்த அவை தான் நெருக்கடி நிலையில், 1976ல், 42வது திருத்தத்தைக் கொண்டு வந்தது. மக்களவையின் ஆயுளை ஐந்திலிருந்து ஆறு ஆண்டாக்கியது. அரசியல் சட்டத் திருத்தத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக் கூடாது என்றது. மக்களில் 56 சதவீதம் பேர் ஓட்டுப் போடாத ஒரு கட்சி, மக்கள் அனைவரின் பெயராலும் இதைச் செய்தது. 1973ல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பில் கை வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருந்ததால் பின்னால் ஓரளவு தப்பித்தோம். அந்தத் தீர்ப்பு 7க்கு 6 என்ற கணக்கில் வந்தது. ஒரு நீதிபதி மனம் மாறியிருந்தால்?

தப்பிக்காத நாடு பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையிலும் வெள்ளைக்காரன் இதே தேர்தல் முறையைத் தான் விட்டுப் போனான். 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 38 சதவீத ஓட்டு வாங்கியது. 151ல் அதற்கு 17 இடம். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணிக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவான ஓட்டு, 116 இடம். அந்த அவை 1972ல் புதிய அரசியல் சட்டத்தை எழுதியது. எந்த ஒரு சமூகத்துக்கும் மதத்துக்கும் பாதகமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்று சோல்பரி அரசியல் சட்டத்தில் இருந்த 29வது பிரிவு காணாமல் போனது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1977ல் காற்று திரும்பியது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 51 சதவீத ஓட்டு, 168ல் 140 இடம். சிறிமாவோவின் கட்சிக்கு 30 சதவீத ஓட்டு, 8 இடம். ஜெயவர்த்தனா 1978ல் தன் பங்குக்கு இன்னொரு அரசியல் சட்டம் எழுதினார். 1982ல் பொதுத் தேர்தலே நடத்தாமல், ஒரு கருத்து வாக்கெடுப்பின் மூலம் அதே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டிக் கொண்டார். பாதி நாட்டின் ஓட்டு, முழு நாட்டின் அரசியல் சட்டம்! 29வது பிரிவை நம்பியிருந்த தமிழரும் முஸ்லிம்களும் பூட்டு எப்போது கழன்றது என்று தெரியாமலே நின்றார்கள்.

அந்த ஜெயவர்த்தனாவின் அரசியல் சட்டத்திலேயே ஒரு நல்லதும் இருந்தது. விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். கட்சி வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற அளவில் இடம். முதலில் ஒரு மாவட்டத்தில் 12.5 சதவீத ஓட்டு வாங்காத கட்சிக்கு இடமில்லை என்று வைத்திருந்தார்கள். 1988ல் பிரேமதாசா ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற போது, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் அவரிடம் என்ன கேட்டார் தெரியுமா? இத்தனை சீட்டு வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த 12.5ஐ 5 ஆகக் குறையுங்கள் என்று கேட்டார். 15வது திருத்தம் அந்த டிசம்பரிலேயே வந்தது. 1989ல் முஸ்லிம் காங்கிரஸ் தன் சொந்தச் சின்னத்தில் நான்கு பேரோடு பாராளுமன்றம் போனது. 1994ல் அரசாங்கம் அமைக்க அவர்கள் தேவைப்பட்டார்கள். ஜே.வி.பி. போன்ற சிங்களச் சிறு கட்சிகளுக்கும் அதே திருத்தத்தால் கதவு திறந்தது. 1989 முதல் 2020 வரை நடந்த எட்டுத் தேர்தல்களில் எந்தக் கட்சிக்கும் மூன்றில் இரண்டு பங்கு நேரடியாகக் கிடைக்கவில்லை. 2024ல் அனுர குமார திசாநாயக்காவின் கட்சி அந்த எல்லையைத் தாண்டியது. அதற்கு அவர்கள் 61 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டியிருந்தது. அப்படி வாங்கினால் கேட்க உரிமை உண்டு. 43க்கு உண்டா?

1949ல் நடந்தது

"இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம் நாட்டுக்கு ஒத்து வராது" என்பார்கள். வெளிநாட்டுச் சரக்கா? நம் அரசியல் நிர்ணய சபையே இந்த முறையில் தான் தேர்ந்தெடுக்கப்பட்டது! 1946ல் மாகாண சட்டசபை உறுப்பினர்கள் விகிதாச்சார முறையில், ஒற்றை மாற்று வாக்கு மூலம், அந்த சபைக்கு ஆட்களை அனுப்பினார்கள். இன்றைக்கும் ஜனாதிபதி தேர்தல் 55வது பிரிவின்படி அப்படித்தான். மாநிலங்களவைத் தேர்தலும் அப்படித்தான், எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று வரிசை எண் போடுகிறார்கள். காயிதே மில்லத் அவர்கள் 1952ல் சென்னையிலிருந்தே மாநிலங்களவை போனது இந்த வழியில் தான். எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு வீணாகக் கூடாது என்று அத்தனை கவனம். சாமானியனின் ஓட்டு மட்டும் வீணானால் பரவாயில்லை!

1949 ஜனவரி 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் காஜி சையத் கரீமுத்தீன் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். பல உறுப்பினர் தொகுதிகள் அமைத்து, வாக்காளருக்குத் தொகுதியின் இடங்கள் எத்தனையோ அத்தனை ஓட்டுக் கொடுத்து, விரும்பினால் எல்லா ஓட்டையும் ஒரே ஆளுக்குப் போட அனுமதிக்க வேண்டும் என்றார். ஐந்து இடமுள்ள தொகுதியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் எந்தப் பிரிவும் ஓர் ஆளை அனுப்பி விட முடியும். அது தலித்துகளாக இருக்கலாம், தொழிலாளர்களாக இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். மதத்தின் பெயரே அதில் இல்லை.

டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அவர் சொன்ன காரணங்களை நாம் மரியாதையோடு பார்க்க வேண்டும். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் அல்ல அவர். வாக்காளர்களுக்குக் குறைந்த பட்சம் எண்களாவது தெரிய வேண்டும், நம் மக்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்றார். சபை துண்டு துண்டாகி, ஆட்சி நிலைக்காது என்றார். சிறுபான்மையினருக்கு இட ஒதுக்கீடு செய்வதாகத் தான் ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறோமே என்றும் சுட்டிக் காட்டினார்.

ஜனவரியில் இந்த மூன்றாவது காரணம் உண்மை தான். 1947 ஆகஸ்டிலேயே முஸ்லிம்களுக்கு மக்கள் தொகைப்படி ஒதுக்கீடு என்று முடிவாகி, வரைவு அரசியல் சட்டத்திலும் ஏறியிருந்தது. ஐந்தே மாதம். 1949 மே கடைசியில் அதே சபை மதச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டை நீக்கி விட்டது! 'ஒதுக்கீடு இருக்கிறது, ஆகவே விகிதாச்சாரம் வேண்டாம்' என்று ஜனவரியில் ஒரு கதவு மூடப்பட்டது. மே மாதம் ஒதுக்கீட்டுக் கதவும் மூடப்பட்டது. ஜனவரியில் மூடிய கதவைத் திறந்து விடுவது தானே நியாயம்? அதே மே விவாதத்தில் இசட்.எச். லாரி அதைத் தான் கேட்டார். ஒதுக்கீடு வேண்டாம், குவித்துப் போடும் வாக்கு முறையைத் தாருங்கள் என்றார். நிராகரிக்கப்பட்டது.

இங்கே நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த விவாதத்தில் முஸ்லிம் உறுப்பினர்கள் ஒரே குரலில் பேசவில்லை. பேகம் அய்ஜாஸ் ரசூல் ஒதுக்கீடே கூடாது என்றார். காயிதே மில்லத் அவர்கள் ஒதுக்கீட்டோடு தனி வாக்காளர் தொகுதியும் வேண்டும் என்று உறுதியாக நின்றார். அவருடைய துணிச்சல் போற்றத்தக்கது. பிரிவினையின் இரத்தம் காயாத நேரத்தில் அப்படி எழுந்து நிற்க எத்தனை பேரால் முடியும்? ஆனால் அந்தக் கோரிக்கை அன்று ஜெயிக்க வாய்ப்பே இல்லை. தனி வாக்காளர் தொகுதிக்கும் ஒதுக்கீடு மறுப்புக்கும் நடந்த சண்டையில், இரண்டு பக்கத்தாரும் ஏற்றிருக்கக் கூடிய லாரியின் வழி கவனிப்பாரற்றுப் போய் விட்டது. என்னுடைய கருத்து இது. மூத்தவர்கள் மாறுபடலாம்.

இன்று அம்பேத்கர் சொன்ன காரணங்களில் எது மிச்சம்? 1951ல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 சதவீதம். 2011ல் 74 சதவீதம். கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரிந்த காய்கறிக்காரப் பெண்ணுக்கு 1, 2, 3 போடத் தெரியாதா?

ஆட்சி நிலைக்காது என்ற காரணம் இருக்கிறது. அதற்கு வருவோம். 1996க்கும் 1999க்கும் இடையில் மூன்று பொதுத் தேர்தல்களை நாம் சந்தித்தோம். 13 நாள் ஆட்சி, 13 மாத ஆட்சி எல்லாம் பார்த்தோம். அப்போது இருந்தது எந்த முறை? இதே முறை! இதன் தாய்நாடான பிரிட்டனில் 2016 முதல் 2024க்குள் ஆறு பேர் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்து விட்டார்கள். விகிதாச்சார முறை உள்ள ஜெர்மனியில் மெர்கல் ஒருவரே 16 வருடம் ஆண்டார். அங்கே வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. கட்சி ஓட்டின் அளவுக்கு இடங்கள். 5 சதவீதம் வாங்காத கட்சிக்கு இடமில்லை என்று ஒரு வரம்பு உண்டு. ஆனால் தேசியச் சிறுபான்மையினரின் கட்சிக்கு அந்த வரம்பு கிடையாது. அதனால் தான் டேனிஷ் மக்களின் சிறு கட்சி 2021ல் ஒரு இடம் பெற்று உள்ளே போனது. அதனால் ஜெர்மனி இடிந்து விழவில்லை.

இத்தாலியில் அடிக்கடி ஆட்சி கவிழ்ந்ததை மறைக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவையும் சொல்கிறேன். அங்கே 1994 முதல் முழு விகிதாச்சாரம். குறைந்த பட்ச வரம்பே இல்லை. அல் ஜமாஆ என்ற முஸ்லிம் கட்சி கால் சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் 2019ல் ஒரு இடமும் 2024ல் இரண்டு இடமும் பெற்றது. 2023ல் ஜோஹன்னஸ்பர்க் மாநகர மேயர் பதவியே அந்தக் கட்சிக்குப் போனது; மாநகர மன்றத்தில் விரல் விட்டு எண்ணக் கூடிய உறுப்பினர்கள் தான் அதற்கு! நம் ஆள் என்பதற்காக இதை நியாயம் என்று நான் வாதாட மாட்டேன். ஒரு வரம்பு வேண்டும். எவ்வளவு என்பதில் தான் சூட்சுமம். துருக்கியில் 1980 இராணுவப் புரட்சிக்குப் பின் 10 சதவீத வரம்பு வைத்தார்கள். 2002ல் என்ன ஆனது? 34 சதவீதம் வாங்கிய கட்சிக்கு 550ல் 363 இடம். கிட்டத்தட்ட 46 சதவீத ஓட்டு எந்தக் கணக்கிலும் சேரவில்லை. பெயர் விகிதாச்சாரம், பலன் பழைய கதை.

வேறு வழி சொல்பவர்களுக்கு

பள்ளிவாசல் வாசலில் ஒரு தம்பி துண்டுப் பிரசுரம் கொடுத்தார். "மேற்கத்திய ஜனநாயகம் நமக்கு வேண்டாம், ஓட்டுப் போடாதீர்கள்" என்று அதில் இருந்தது. கோபத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஓட்டு இல்லாத ஆட்சியின் லட்சணம் என்ன? சிரியாவில் 1971 முதல் 2024 டிசம்பர் வரை தந்தையும் மகனுமாக ஆண்டார்கள். 1991ல் தந்தைக்கு 99 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள்! அந்த ஊர் வியாபாரிக்கும் இளைஞனுக்கும் கிடைத்தது சிறையும் அகதி முகாமும் தான். ஆட்சியாளனை இரத்தம் சிந்தாமல் இறக்கும் வழி ஜனநாயகத்தில் இருக்கிறது. அந்தத் தம்பி வேறு வழியைக் காட்டட்டும், பேசலாம்.

பழையபடி தனி வாக்காளர் தொகுதி கேட்கலாம் என்று முணுமுணுப்பவர்கள் லெபனானைப் பார்க்கட்டும். 1932ல் எடுத்த மக்கள் தொகைக் கணக்கை வைத்து, கிறிஸ்தவர் ஆறு, முஸ்லிம் ஐந்து என்று மத வாரியாக இடம் பிரித்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் ஒரு கணக்கெடுப்பு கூட எடுக்கத் துணியவில்லை; எடுத்தால் பங்கு மாறி விடும்! 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். 1989 தாயிப் ஒப்பந்தத்தில் பாதிக்குப் பாதி என்று திருத்திய பிறகும் மதவாரிக் கணக்கு ஒழியவில்லை. விகிதாச்சார முறை எந்த வாக்காளரிடமும் அவருடைய மதத்தைக் கேட்பதில்லை.

"நாம் தனியாக நின்றால் ஓட்டைப் பிரித்து இன்னாரை ஜெயிக்க வைத்து விடுவோம்" என்ற பயம் இருக்கிறதே, அது தான் நம்மை அடிமையாக்கி வைத்திருக்கிறது. எத்தனை தேர்தலாக, யார் வர வேண்டும் என்பதற்காக அல்லாமல் யார் வரக் கூடாது என்பதற்காக ஓட்டுப் போட்டு வருகிறோம்! விகிதாச்சார முறையில் ஓட்டுப் பிரியாது. ஒவ்வொரு ஓட்டும் தன் கட்சிக் கணக்கில் சேரும். "இந்தத் தொகுதியில் முஸ்லிமை நிறுத்தினால் ஜெயிக்க மாட்டார்" என்று பெரிய கட்சிகள் சொல்லும் சாக்கும் செல்லாது. பட்டியலில் ஏன் நம் பெயர் இல்லை, ஏன் முப்பதாவது இடத்தில் இருக்கிறது என்று நேருக்கு நேர் கேட்கலாம். நேபாளத்தின் 2015 அரசியல் சட்டத்தில் 275 பேரில் 110 பேர் பட்டியல் முறையில் வருகிறார்கள். அந்தப் பட்டியலில் பெண்கள், தலித்துகள், மாதேசிகள், முஸ்லிம்கள் எல்லோரும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. பட்டியலைத் தயாரிப்பது கட்சித் தலைமை. அடிமைத்தனம் தெருவிலிருந்து தலைமையகத்துக்கு இடம் மாறக் கூடும். இலங்கையில் 2020ல், கொரோனாவில் இறந்த முஸ்லிம் ஜனாஸாக்களைக் கூட அரசாங்கம் எரித்துக் கொண்டிருந்த போது, ஜனாதிபதிக்கு அதிகாரத்தை வாரிக் கொடுத்த 20வது திருத்தத்துக்கு முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் கை தூக்கினார்கள். அஷ்ரப் பெற்றுத் தந்த இடத்தில் உட்கார்ந்து கொண்டு! இடம் வாங்கித் தரும் முறை முதுகெலும்பையும் சேர்த்துத் தராது.

மேஜைக்கு வர வேண்டிய கோரிக்கை

1999ல் நம் நாட்டுச் சட்ட ஆணையம் தன் 170வது அறிக்கையில் ஒரு யோசனை சொன்னது. இருக்கும் தொகுதிகள் அப்படியே இருக்கட்டும். மக்களவை இடங்களை 25 சதவீதம் கூட்டி, அந்தப் புதிய இடங்களைக் கட்சிகளுக்குக் கிடைத்த ஓட்டு விகிதப்படிப் பட்டியலிலிருந்து நிரப்பலாம் என்றது. இது சமுதாய மாநாட்டுத் தீர்மானம் அல்ல, ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையில் வந்த அறிக்கை. அதைக் கொண்டு போய் மக்களிடம் விளக்கிய சமுதாயத் தலைவர்கள் எத்தனை பேர்? நம் மாநாடுகளில் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் பற்றிய தீர்மானத்தை நான் கேட்டதுண்டு. பதினேழாவதோ பதினெட்டாவதோ தீர்மானமாக, கூட்டம் பிரியாணிப் பந்தலுக்கு நகரும் நேரத்தில் வாசிப்பார்கள்.

மக்களவை இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடுவதை, 2001ல் வந்த 84வது திருத்தம் 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வரை நிறுத்தி வைத்தது. இடங்களைக் கூட்டும் பேச்சு எழும் போதெல்லாம் வடக்கு தெற்கு என்று தகராறு கிளம்புகிறது. தமிழ்நாட்டின் பங்கு குறையும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் கூட்டப் போகும் இடங்கள் எந்த முறையில் நிரப்பப்படும் என்று கேட்கும் குரல் எங்கே? அந்தக் கேள்வியைத் தலித் அமைப்புகளோடும் இடதுசாரிகளோடும் சிறு கட்சிகளோடும் சேர்ந்து நாம் எழுப்பலாம். அவர்களும் இதே கணக்கில் நஷ்டப்பட்டவர்கள் தான்.

அடுத்த முறை கூட்டணிப் பேச்சுக்கு நம் தலைவர்கள் போகும் போது, கேட்கும் பட்டியலில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: உங்கள் தேர்தல் அறிக்கையில் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் உண்டா, இல்லையா? எத்தனை சீட்டு என்பது இரண்டாவது வரி. தொப்பி போட்டுக் கொண்டு உங்கள் கடைக்கு வரும் வேட்பாளரிடமும் இதையே கேளுங்கள். 2014ல் 24 சதவீதம் வாங்கிப் பூஜ்யம் ஆன கட்சிக்காரராக இருந்தால் அந்தக் கணக்கையும் நினைவூட்டுங்கள். டீ வாங்கிக் கொடுத்து விட்டுக் கேளுங்கள். பதில் சொல்லாமல் எழுந்து போக மாட்டார்.